உதவித்தொகை நோயாளியின் சொந்தக் கணக்கிலேயே சேரட்டும்

உள்நோயாளியாக ஒருவர் சேர்க்கப்பட்ட மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ அவர்தம் குடும்பத்தினர் எங்கள் தகவல் மையத்துக்கு வந்து கேட்கும் கேள்விகளுள் ஒன்று மருத்துவத்தைப் பற்றியதன்று. "அம்மாவுக்கு மாதாமாதம் வரும் பணம் இந்த மாதம் வந்ததா என்று தெரியவில்லை, வந்திருந்தாலும் அதை யார் வாங்குவது?" என்பதே அக்கேள்வி. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை, காசநோயாளிக்கான ஊட்டச்சத்துத் தொகை, மகப்பேறு நிதியுதவி எனப் பணத்தின் பெயர் மாறும், கவலை ஒன்றே. உரியவர் கட்டிலில் படுத்திருக்கிறார். பணமோ அவரை வேறோர் இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது.

இவ்விதழில் அது பற்றி விரிவாக எழுத எண்ணினோம். அரசு வழங்கும் தொகை எதுவாயினும் அது நோயாளியின் சொந்த வங்கிக் கணக்கிலோ அஞ்சலகக் கணக்கிலோ நேரடியாக வந்து சேருமாறு செய்துகொள்ளுங்கள் என்பதும், அவ்வேலையை நோயாளி எழுந்து நடமாடும் நாளிலேயே முடித்துவிடுங்கள் என்பதும் எங்கள் வேண்டுகோள். முதற்பகுதியைப் பலரும் செய்துவிடுகின்றனர். இரண்டாம் பகுதியில்தான் குடும்பங்கள் இடர்ப்படுகின்றன.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் அது மணியார்டராகவே வந்தது. திருவரங்கத்தின் சித்திரை வீதிகளிலும் அடையவளஞ்சானிலும் தபால்காரர் வரும் நாளை நாட்காட்டி பாராமலேயே அறிந்திருந்த பாட்டிமார் பலர். அத்தொகை 2011-இல் ஆயிரம் ரூபாயாயிற்று. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கிடையே 2013 ஜனவரி முதல் நாளன்று நேரடிப் பயன் பரிமாற்றம் என்னும் முறையை இந்திய அரசு தொடங்கிற்று. இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று. அதே 2013-இல், மார்ச் முதல் நாள் தொட்டு, அமெரிக்க அரசும் தன் முதியோர்க்கு ஓய்வூதியக் காசோலையைத் தபாலில் அனுப்புவதைப் பெரும்பாலும் கைவிட்டுக் கணக்கில் செலுத்தும் முறைக்கு மாறியது.

கையில் எண்ணி வாங்கும் பணத்தின் மீது முதியோர்க்குள்ள பற்றை நாங்கள் குறைகூறவில்லை. கண்ணால் கண்ட காசுக்கு உள்ள உறுதி கைப்பேசியில் வந்து விழும் ஒரு வரிக் குறுஞ்செய்திக்கு இல்லை என்று அவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆயினும் நோய் வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. பணத்தைக் கொண்டுவருபவர் தபால்காரராயினும் வங்கி முகவராயினும் அவர் வருவது திருவரங்கத்து வீட்டுக்கு. நோயாளி படுத்திருப்பதோ புத்தூரிலோ தில்லைநகரிலோ உள்ள மருத்துவமனையில். பூட்டிய கதவைக் கண்டவர் திரும்பிச் செல்வார். மணியார்டராயின் சில நாள் காத்திருந்து அனுப்பியவருக்கே போய்விடும். தொடர்ந்து சில மாதங்கள் அவ்வாறு திரும்பினால், பயனாளி அவ்விடத்தில் இல்லை என்று கருதப்படவும் கூடும். கணக்கில் சேர்ந்த பணம் அப்படித் திரும்புவதில்லை. ஒரு மாதம் ஆனாலும் மூன்று மாதம் ஆனாலும் உரியவருக்காகக் காத்திருக்கும்.

மருத்துவமனை இதில் ஏன் தலையிடுகிறது என்று சிலர் கேட்கலாம். காசநோயாளியை எடுத்துக்கொள்வோம். நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் தரப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக்கப்பட்டுள்ளது. நோய் கண்டறியப்பட்டதும் 3,000 ரூபாய், 84 நாள் சிகிச்சை முடிந்ததும் மீண்டும் 3,000 ரூபாய் என அது முன்கூட்டியே வழங்கப்படுகிறது. முட்டைக்கும் பருப்புக்கும் பாலுக்கும் உரிய பணம் அது. மருந்தைத் தவறாமல் விழுங்கியும் எடை கூடாத நோயாளியை மருத்துவர் காணும்போது, அவர் உண்ணும் உணவைப் பற்றிக் கேட்டாக வேண்டும். அந்தப் பணம் ஆறாம் மாதத்தில் மொத்தமாக வந்து சேர்ந்தால் கணக்கு நேராகலாம்; இழந்த எடைக்கு அது உதவாது. ஆகவேதான் சிகிச்சைப் பதிவின்போதே வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்கிறோம்.

மகப்பேறு நிதியுதவியிலும் இவ்வாறே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளில் தாயின் கணக்குக்கு வரும். எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். இலால்குடியிலிருந்தும் மண்ணச்சநல்லூரிலிருந்தும் இங்கு பிரசவத்துக்கு வருவோர், தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்ற பிக்மி எண்ணைக் காட்டுகின்றனர். கணக்கு எண்ணையும் தந்திருக்கின்றனர். எனினும் தவணை வரவில்லை என்கின்றனர். ஆராய்ந்தால் பெரும்பாலும் இனிஷியல்தான் காரணமாக இருக்கும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் தந்தையின் முதலெழுத்து. திருமணத்துக்குப் பின் தொடங்கிய கணக்கில் கணவரின் முதலெழுத்து. கணினிக்கு இருவரும் வெவ்வேறு பெண்கள். கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக அலையும் துன்பம் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பணம் எவருடைய கணக்குக்கும் வருவதன்று. அது சிகிச்சைச் செலவுக்காக மருத்துவமனைக்கே செலுத்தப்படுவது. "காப்பீட்டுப் பணத்தை உங்கள் கணக்கில் போடுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று எவரேனும் அழைத்தால் அது மோசடி என உடனே அறியலாம்.

கணக்கு இருந்தும் பணம் வராதது ஏன்?

ஆதார் எண்ணைக் கணக்கோடு சேர்த்தாயிற்று என்று பலர் உறுதியாகச் சொல்வர். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் இருந்து, அவை அனைத்திலும் ஆதார் எண் பதியப்பட்டிருந்தாலும், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் செல்லும். எந்த வங்கி என்பதைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் தன் பட்டியலில் குறித்து வைத்திருக்கிறது. கடைசியாக எந்த வங்கியில் அதற்கு ஒப்புதல் தந்தீர்களோ, அந்த வங்கியே அப்பட்டியலில் நிற்கும். மகளிர் குழுக் கடனுக்காக ஒரு வங்கி, நூறு நாள் வேலைக்காக மற்றொன்று, எரிவாயு மானியத்துக்காக வேறொன்று எனத் தொடங்கியவர்கள், பணம் வரவில்லை என்று வருந்தும் வேளையில் அது மறந்துபோன ஏதோ ஒரு கணக்கில் மாதாமாதம் சேர்ந்துகொண்டிருப்பதும் உண்டு. 2017-இல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் பேமெண்ட்ஸ் வங்கி, சிம் அட்டைக்காக ஆதார் தந்தவர்கள் பெயரில் அவர்கள் அறியாமலே கணக்குத் தொடங்கியதால், இலட்சக்கணக்கானோரின் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்ததும், பின்னர் அதைத் திருப்பித் தர நேர்ந்ததும் நாடறிந்த செய்தி.

ஆகவே வங்கிக்குச் சென்றால் "ஆதார் இணைத்துள்ளதா?" என்று கேட்பதோடு நில்லாது, "அரசுப் பணம் வருவதற்கு என் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது?" என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும். வெளிநாடு போய்விட்ட மகனின் பழைய எண்ணே இன்னும் அதில் இருக்குமானால், முதலில் அதை மாற்றுவது முறை.

கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிக்காததால் முடங்கும் கணக்குகளும் உள. வங்கி கேட்கும்போது ஆதார் நகலைத் தந்துவிடுவது எளிய வேலை. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடித்தம் செய்வார்களோ என்று அஞ்சுவோர், அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று கேட்கலாம். அதில் குறைந்தபட்ச இருப்பு என்ற நிபந்தனையே இல்லை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதன்முறை கணக்குகளுக்கு வந்தபோது, சில வங்கிகள் அதிலிருந்து கட்டணங்களைப் பிடித்தம் செய்தன. மாநில நிதியமைச்சரே தலையிட்டு எச்சரிக்க நேர்ந்தது. அச்சம் காரணமற்றதன்று. ஆனால் வழி, கணக்கின் வகையை மாற்றுவதே. கணக்கே வேண்டாம் என்பதன்று.

விரல்ரேகை மறையும்போது

வீட்டு வாசலிலேயே விரல் வைத்துப் பணம் பெறும் வசதி இப்போது உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வாயிலாக, எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் தபால்காரரிடமே பணம் எடுக்கலாம். ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால் போதும். நடக்க இயலாதவர்க்கு இது பெரும் உதவி. ஆனால் முதுமையில் ரேகை தேய்கிறது. பல்லாண்டு பாத்திரம் துலக்கிய கையும் சுண்ணாம்பு குழைத்த கையும் கருவிக்குப் புலப்படுவதில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு இதில் தனியானதோர் எச்சரிக்கை உண்டு. குடற்புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் தரப்படும் கேப்சிடபின் என்னும் மாத்திரை சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியச் செய்யும்; அப்போது ரேகை அடியோடு மறைவதுண்டு. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா சென்ற 62 வயது முதியவர் ஒருவரை, கருவியில் ரேகை பதியாத காரணத்தால் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்ததாக 2009-இல் மருத்துவ இதழ் ஒன்றில் செய்தி வெளிவந்தது. அவர் உட்கொண்டது இம்மாத்திரையே. பணத்துக்காக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ எண்ணாதீர்கள். கை எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். விரலையே நம்பியிராமல், சிகிச்சை தொடங்குமுன் ஏ.டி.எம். அட்டை பெற்றுக்கொள்வதும், கைப்பேசி எண்ணைப் பதிந்துகொள்வதும் போதிய ஏற்பாடாகும். கண்மணி, முகம் ஆகியவற்றால் அடையாளம் காணும் முறைகளும் ஆதாரில் உள்ளன.

கட்டிலில் இருப்பவரின் கையொப்பம்

எங்களிடம் வருவோர் மிகுதியும் அறியாதது இதுவே. நோயுற்ற முதியவர் கையொப்பம் இட முடியாத நிலையில் இருந்தாலும், வங்கிக்கு வர இயலாவிட்டாலும், அவர் பணத்தை அவருக்குத் தர வங்கிக்கு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி இது குறித்து நெறிமுறை வகுத்துள்ளது. பணம் எடுக்கும் படிவத்தில் அவர் கைப்பெருவிரல் ரேகையோ, அதற்கு இயலாவிடில் கால்விரல் ரேகையோ பெறலாம். வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். ரேகை வைக்கவும் இயலாத நிலையில் ஏதேனும் ஓர் அடையாளக் குறி இட்டாலும் ஏற்கப்படும். அதற்கும் இரு சாட்சிகள் வேண்டும். பணத்தைத் தம் சார்பில் எவர் பெறுவது என்பதையும் நோயாளியே சுட்டலாம். அப்படிச் சுட்டப்பட்டவரின் கையொப்பத்தையும் வங்கி பெற்றுக்கொள்ளும்.

இதன் பொருள் வங்கி அலுவலர் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதே. குடும்பத்தினர் கிளை மேலாளருக்கு எழுத்து மூலம் வேண்டுகோள் தந்தால், நோயாளியின் நிலையை விளக்கும் மருத்துவச் சான்றை நாங்கள் தருகிறோம். வார்டுக்கு வருவதற்கு உகந்த நேரத்தைச் செவிலியர் கண்காணிப்பாளர் கூறுவார். எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்யுமாறு வங்கிகளை ரிசர்வ் வங்கி 2017-இலேயே பணித்திருக்கிறது. ஒரு கிளையில் "நேரில் அழைத்து வாருங்கள்" என்றனர் என்று, மூக்கில் குழாயோடு இருந்த முதியவரைச் சக்கர நாற்காலியில் காவிரிப் பாலம் கடந்து அழைத்துச் செல்ல முற்பட்ட மகனை நாங்கள் தடுத்திருக்கிறோம். அதற்குத் தேவையே இல்லை.

இவையெல்லாம் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்வரை பொருந்தும். நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் சார்பில், மனைவியாயினும் மகனாயினும் அவர் தனிக் கணக்கிலிருந்து எடுக்கச் சட்டம் எளிதில் இடந்தருவதில்லை. காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் செல்ல நேர்ந்த குடும்பங்கள் உள. அவருடைய ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் கொண்டு எடுத்துவிடலாமே என்பது நடைமுறையில் பலரும் செய்வதுதான். ஆனால் உடன்பிறந்தாரிடையே மனத்தாங்கல் எழும் நாளில் அதுவே குற்றச்சாட்டாகிறது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்த கூட்டுக் கணக்காக, இருவருள் எவரும் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு வைத்திருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு மனைவியோடோ கணவரோடோ கூட்டுக் கணக்கு ஏற்கப்படுகிறது. மற்ற உதவித்தொகைகளுக்கு அவ்வாறு வைக்கலாமா என்பதை அந்தந்த அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். நாமினியும் பதிந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நாமினியாகக் குறிக்கலாம். நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே. அவர் பெயரைப் பதிவதால் எவர் பங்கும் குறைவதில்லை என்று வீட்டில் விளக்கிச் சொல்லலாம்.

பொன்மலை இரயில்வே பணிமனையிலும் பிற மத்திய அரசுத் துறைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் திருச்சியிலும் திருவரங்கத்திலும் மிகப் பலர். அவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். எண்பது வயது கடந்தோர் அக்டோபரிலேயே தரலாம். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் என்னும் முறையால், வங்கிக்குச் செல்லாமலே ஆதார் வழியாக அச்சான்றை அளிக்கலாம். முகம் காட்டி அளிக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்து தருவதற்கு 70 ரூபாய் கட்டணம். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டின் எந்த மாதத்திலும் தரலாம். தந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பரில் மருத்துவமனையில் இருப்போர் சான்று தரத் தவறி, டிசம்பரில் ஓய்வூதியம் நின்றபின் திகைக்கின்றனர். கடும் நோயுற்ற ஓய்வூதியரின் சான்றைப் பெற வங்கி அலுவலர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வர வேண்டும் என்பதும் நெறிமுறையில் உள்ளதே. கேட்டுப் பெறுங்கள்.

விரல் வைத்துப் பணம் எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். "பதியவில்லை, மீண்டும் வையுங்கள்" என்று இருமுறை விரல் வைக்கச் சொன்னால், முதல் முறை பணம் எடுக்கப்படவில்லை என்பதற்கான சீட்டையோ குறுஞ்செய்தியையோ பார்த்த பின்பே வைக்க வேண்டும். பார்வை குன்றியவருடன் வீட்டார் ஒருவர் நிற்பது நல்லது. வார்டில் தற்செயலாக அறிமுகமானவரிடம் வங்கிப் புத்தகத்தையோ அட்டையையோ தராதீர்கள். கணக்கை மாற்றித் தருகிறோம் என்று எங்கள் ஊழியர் எவரும் பணமோ ஓ.டி.பி.யோ கேட்கமாட்டார். பணம் பறிபோனது தெரிந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எழுதத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. உதவித்தொகை பெறுபவர் இறந்துவிட்டால் அத்தொகை அவரோடு முடிகிறது. அலுவலகத்துக்குச் செய்தி எட்டாமையால் அதன் பின்னும் ஓரிரு மாதம் கணக்கில் பணம் விழலாம். ஈமச்செலவுக்கு ஆகட்டும் என்று எடுத்துவிட்டால் பின்னர் அது திரும்பக் கேட்கப்படும். இறப்புச் சான்று கிடைத்ததும் வங்கிக்கும் உரிய அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். அதற்கு முன் சேர்ந்திருந்த தொகை குடும்பத்துக்கு உரியதே. நாமினி வழியாக அது வரும். குடும்ப ஓய்வூதியத்துக்கு உரிமையுள்ள மனைவியோ கணவரோ இருந்தால் அதற்கான விண்ணப்பத்தையும் அப்போதே தரலாம்.

முதியோர், விதவை உதவித்தொகை பெறுவோர் கணக்கு விவரத்தைத் தரவோ மாற்றவோ தம் வட்டத்துக்குரிய சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரை அணுக வேண்டும். திருவரங்கத்தார்க்குத் திருவரங்கம் வட்டாட்சியர் அலுவலகம். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்க நகல், உதவித்தொகை ஆணையின் நகல் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். காசநோயாளிகள் தங்களுக்கு மருந்து வழங்கும் நிலையத்திலும், கருவுற்ற தாய்மார்கள் தங்கள் பகுதிச் சுகாதார செவிலியரிடமும் கூறினால் போதும். மாநில அரசு அலுவலகத்தில் மறுமொழி இல்லையெனில் முதல்வரின் உதவி எண் 1100. வங்கியின் மீதான முறையீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் எண் 14448. நோயாளியை விட்டு வர இயலாதவர்கள் வார்டுச் செவிலியரிடம் சொல்லி அனுப்பினால், தகவல் மையத்திலிருந்து ஒருவர் கட்டிலருகே வந்து படிவங்களை நிரப்ப உதவுவார்.